பெங்களூரில் ஒரு 987: எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது

போர்ஷேயின் 987 ஸ்போர்ட்ஸ் காரில் முன் மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கும் இடம். பின் மூடியைத் திறந்தாலும் பெட்டி வைக்கும் இடம்தான். இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், வண்டியின் நடுவில், படுத்த வாக்கில் இருக்கிறது. மற்ற வண்டிக்காரர்களைப் போல பானட்டைத் தூக்கி எட்டிப் பார்த்து, “இதோ, இங்கேதான் ஒழுகுது” என்று நம்மால் சொல்ல முடியாது. புகை, வாசனை, சத்தம், முள், விளக்கு ஆகியவைதான் நமக்குக் கிடைப்பவை. அவற்றைச் சரியாகப் படிக்கத் தெரியாவிட்டால் கெட்டுப்போகாத பார்ட்டை மாற்றிப் பணத்தை விட்டுவிடுவோம். நானும் விட்டிருக்கிறேன்.

போர்ஷே பாக்ஸ்டர், கேமன் இரண்டிலும் 2005 மாடலில் தொடங்கி 2012 வரை வந்த தலைமுறைக்கு 987 என்று பெயர். 2009 மாடலில் இன்ஜின் அடியோடு மாறியது. அதற்கு முந்தையதைப் பழைய 987, பிந்தையதைப் புது 987 என்று நாங்கள் சொல்வோம். என்னுடையது 2007 மாடல் பாக்ஸ்டர், 2.7 லிட்டர், மேனுவல் கியர். அல்சூரில் ஒரு அபார்ட்மென்டின் தரைத்தளத்துக்குக் கீழே நிற்கிறது. இந்த வண்டி வைத்திருக்கும் தமிழர்கள் சிலர் ஞாயிறு விடியற்காலையில் ஓசூர் சாலையில் சேர்ந்து கிருஷ்ணகிரி வரை போய், டிபன் சாப்பிட்டுத் திரும்புவோம். கீழே இருப்பவை பெரும்பாலும் அந்தக் காலைகளில் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றவை.

கையில் இருக்க வேண்டியவை: வண்டியின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனர், ஒரு மல்டிமீட்டர், நல்ல டார்ச், போல்ட்டை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச். இவ்வளவு இருந்தால் பாதிப் பிரச்சினைகளை வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம்.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

சில்க் போர்டு நெரிசலில் ஒரு ஏப்ரல் மாலை எனக்கு இது நடந்தது. ஓடும்போது முள் தன் இடத்தில் நின்றது, நின்றால் ஏறியது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வாட்டர் பம்ப் போய்விட்டது என்றார்கள். பார்ட் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் காத்திருந்து மாற்றினேன். அடுத்த வாரம் அதே இடம், அதே முள். எங்கள் குழுவில் எச்.ஏ.எல்.-இல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் கேட்டார்: “பம்ப்பை மாத்திட்டே, சரி தம்பி. காத்து எந்த வழியா வருதுன்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. இந்த வண்டியில் ரேடியேட்டர்கள் முன்பக்கம், இரு சக்கரங்களுக்கும் முன்னால், பம்பரின் இரு ஓரத் துளைகளுக்குப் பின்னே இருக்கின்றன. சில மாடல்களில் நடுவிலும் ஒன்று உண்டு. ஏசி கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டி நிற்கும். துளை வழியாக வரும் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் போய்ச் சேரும். என் வண்டியின் முன் பம்பரைக் கழற்றியபோது தூங்குமூஞ்சி மரத்துச் சருகும் பாலிதீன் துண்டும் மண்ணும் சேர்ந்து மெத்தை மாதிரி அடைத்திருந்தன. எடுத்துவிட்டுத் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினோம். முள் பழைய இடத்துக்கு வந்தது. அதிலிருந்து எனக்கு ஒரு வரிசை உண்டு.

முதலில் நின்றால் ஏறுகிறதா, ஓடினாலும் ஏறுகிறதா என்று கவனியுங்கள். நின்றால் மட்டும் ஏறினால் காற்றோட்டத்தில்தான் குறை. ஏசியைப் போட்டு, இன்ஜின் ஓடும்போது முன் துளைகளில் காதை வையுங்கள். இரண்டு பக்கமும் விசிறி மெதுவாக ஓட வேண்டும். ஒரு பக்கம் மௌனமாக இருந்தால் விசிறி மோட்டாராக இருக்கலாம், அல்லது குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டராக இருக்கலாம். பழைய 987-இல் ரெசிஸ்டர்தான் அடிக்கடி போகும். அது போனால் விசிறி மெதுவேகத்தில் ஓடாமல், சூடு மிக ஏறிய பிறகு முழு வேகத்தில் மட்டும் இரைச்சலோடு ஓடும். நெரிசலில் ஏசி வெப்பக் காற்று அடித்து, வண்டி நகர்ந்ததும் குளிர்ந்தால் அதுவும் இதே கதைதான். கேஸ் நிரப்பும் முன் விசிறியைப் பாருங்கள்.

விசிறி ஓடுகிறது என்றால் அடுத்து சருகு. டார்ச் அடித்துப் பார்த்தால் கன்டென்சரின் முகம் மட்டுமே தெரியும், அது சுத்தமாகத்தான் இருக்கும். அதை நம்பாதீர்கள். பம்பரைக் கழற்றினால்தான் நடுவில் இருப்பது தெரியும். மழைக்காலம் முடிந்ததும் வருடம் ஒருமுறை கழற்றிவிடுவது நல்லது. துளைகளுக்கு மெல்லிய கம்பி வலை பொருத்துவது இந்த ஊரில் இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மிக நல்ல மேம்பாடு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஓடும்போதும் ஏறினால் கூலன்ட் அளவைப் பாருங்கள். அதன் தொட்டி பின் டிக்கியில் இருக்கிறது. டிக்கிக் கம்பளத்தைத் தடவிப் பார்த்து, ஈரமும் இனிப்பான வாசனையும் இருந்தால் தொட்டி விரிசல் விட்டிருக்கிறது. வயதான பிளாஸ்டிக்குக்கு இது சகஜம். தொட்டி சரியென்றால் மூடியை மாற்றிப் பாருங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைத் தாங்குவதால்தான் கூலன்ட் 100-ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். செலவு குறைவான பார்ட் என்பதால் இதை முன்கூட்டியே மாற்றிவிடலாம்.

இதற்கெல்லாம் பிறகுதான் பம்ப். கீழே இருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பம்ப் பக்கம் உலர்ந்த கூலன்ட் உப்புப் படிந்தாற்போல் தெரியும், அல்லது புல்லியை அசைத்தால் ஆட்டம் இருக்கும். இரண்டில் ஒன்று இருந்தால் தாமதிக்காதீர்கள். பம்ப்பின் உள்சக்கரம் பிளாஸ்டிக். அது உடைந்தால் துண்டுகள் கூலன்ட் வழிகளுக்குள் போய்ச் சேரும்.

ஒரு விஷயம் கண்டிப்பாக: போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். இந்த ஊர்ப் போர்வெல் தண்ணீர் பாத்திரத்தில் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ அப்படியே ரேடியேட்டரிலும் படியும். டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். சூடான தொட்டியைத் திறக்கவே கூடாது.

கிளப்பும்போது பின்னால் புகை

புதிதாக வண்டி வாங்கியவர்கள் எங்களிடம் அதிகம் கேட்பது இதைத்தான். முதலில் பயப்பட வேண்டாத புகையைச் சொல்கிறேன். சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருப்பதால், வண்டி பல நாள் நின்றால் கொஞ்சம் ஆயில் கசிந்து சிலிண்டருக்குள் தங்கும். பக்கவாட்டில் சரிவான இடத்தில் நிறுத்தியிருந்தால் தாழ்ந்த பக்கத்தில் கூடுதலாகத் தங்கும். கிளப்பியதும் சில விநாடி நீலப் புகை வந்து நின்றுவிட்டால் அது இந்த இன்ஜினின் இயல்பு. டிசம்பர் காலையில் வரும் நீராவியும் அப்படியே.

பயப்பட வேண்டிய புகை வேறு. அது தெருவை மறைக்கும் அளவுக்கு வெண்மையாக வரும், நிமிடங்கள் ஆகியும் நிற்காது. கூடவே இன்ஜின் தடுமாறும். சில சமயம் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்கும். இதில் முதல் சந்தேகம் ஆயில் செப்பரேட்டர். இன்ஜினுக்குள் உண்டாகும் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரித்துத் திருப்பி அனுப்பும் சிறிய பெட்டி அது. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் இன்ஜின் தன் ஆயிலைத் தானே உறிஞ்சிக் குடிக்கத் தொடங்கும்.

சோதனைக்குச் செலவே இல்லை. இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது பின் டிக்கியில் இருக்கும் ஆயில் மூடியைத் திருகித் தூக்குங்கள். இலேசான உறிஞ்சல் இருப்பது இயல்பு. இழுத்துப் பிடுங்க வேண்டிய அளவுக்கு உள்ளே பிடித்துக்கொண்டிருந்தால் செப்பரேட்டர் போய்விட்டது. அந்த நிலையில் வண்டியை ஓட்ட வேண்டாம். ஆயில் மொத்தமாகச் சிலிண்டருக்குள் போனால் இன்ஜினே நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

மூடி இயல்பாக வந்து, புகையில் இனிப்பு வாசனையும் இருந்து, கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போனால் கூலன்ட் எரிகிறது. அதை ஒர்க்‌ஷாப்பில் அழுத்தச் சோதனை செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும்.

அப்புறம், ஆயிலை மேல் கோடு வரை நிரப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அளவு கூடினால் அது செப்பரேட்டருக்குத்தான் போகும். காட்டியில் ஒரு கட்டம் குறைவாக இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம்.

சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்கவில்லை

வாரத்துக்கு ஒருமுறை ஓடும் வண்டிக்கு வரும் முதல் நோய் இது. பேட்டரி முன் டிக்கியில் இருக்கிறது, ஆனால் முன் டிக்கி மின்சாரத்தால்தான் திறக்கும். பேட்டரி முழுதாகச் செத்தால் அதைத் தொடவே முடியாது. அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் இரவு பத்து மணிக்கு இதைக் கண்டுபிடிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பூட்டை உடைக்க வேண்டாம்.

கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில் ஃபியூஸ் பெட்டி இருக்கிறது. அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே வெளியே இழுக்கும்படி ஒரு சிவப்பு பிளஸ் முனை தெரியும். அதை இழுத்து, வேறு வண்டியின் பேட்டரியிலிருந்தோ ஜம்ப் ஸ்டார்ட்டரிலிருந்தோ பிளஸ் கேபிளை மாட்டுங்கள். மைனஸ் கேபிளைக் கதவுப் பூட்டு வந்து விழும் உலோகக் கொக்கியில் மாட்டுங்கள். அலாரம் அலறும், பதற வேண்டாம். சாவியின் பட்டனை அழுத்தினால் அடங்கும். பிறகு முன் டிக்கி பட்டனை அழுத்தினால் திறந்துகொள்ளும். இந்த முனை டிக்கியைத் திறக்க மட்டும்தான். இதன் வழியாக இன்ஜினைக் கிளப்ப முயன்றால் ஃபியூஸ் போகும். கிளப்புவதற்கு நேராகப் பேட்டரியில் மாட்டுங்கள்.

இதை வீட்டில் ஒருநாள் பகலில் செய்து பழகிக்கொள்வது நல்லது. எங்களில் ஒரு தங்கை, கேமன் வைத்திருப்பவர், பயிற்சி பண்ணியிருந்ததால் ஏர்போர்ட் பார்க்கிங்கில் பத்து நிமிடத்தில் கிளம்பி வந்தார்.

இனி காரணம். மல்டிமீட்டரை வையுங்கள். ஒரு இரவு நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுமை, 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.5-இலிருந்து 14.5-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். இவை எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி ஒரு வாரத்தில் இறங்கினால் எதுவோ திருட்டுத்தனமாக மின்சாரம் குடிக்கிறது. வண்டியைப் பூட்டி, அதன் கருவிகள் உறங்கும் வரை காத்திருந்து அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடினால் ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துப் பாருங்கள். முதலில் நீங்களே பின்னாளில் மாட்டிய டேஷ் கேமராவையும் மியூசிக் சிஸ்டத்தையும் சந்தேகியுங்கள். என் அனுபவத்தில் அவைதான்.

பேட்டரி நலம், ஆனால் இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் கிளம்பவில்லையா? பெட்ரோல் போட நிறுத்தி, திரும்பக் கிளப்பினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை, அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போல் கிளம்புகிறது என்றால், இன்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சார். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யமாகவே நின்றால் உறுதி. சுற்றவே மாட்டேன் என்று சோம்பினால், பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஸ்டார்ட்டர் பிளஸ்ஸுக்கும் நடுவே மீட்டரை வைத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளில் குறை. இதைப் பார்க்காமல் ஸ்டார்ட்டரை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

செக் இன்ஜின் விளக்கு, கூடவே குலுக்கல்

விளக்கு நின்று எரிந்தால் வீடு வரை நிதானமாகப் போகலாம். மினுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது, அது கெட்டால் செலவு பல மடங்கு.

ஸ்கேனரில் பிழைக் குறியீடாகப் பி0301 முதல் பி0306 வரை ஏதாவது ஒன்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பழைய 987-இல் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்கள் சூட்டிலும் தண்ணீர் தெறிப்பிலும் இருக்கின்றன, வருடங்கள் போகப்போக அவற்றின் உறை வெடிக்கும். அதனால்தான் மழையில் ஓட்டிய மறுநாள் இந்த விளக்கு அதிகம் வருகிறது. ஆறு காயிலையும் வாங்கிவிடாதீர்கள். குறை காட்டிய சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றி, ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எண்ணும் கூடவே இடம் மாறினால் காயில். மாறாவிட்டால் பிளக், அப்புறம் இன்ஜெக்டர். பின் சக்கரத்தைக் கழற்றி, கீழிருந்துதான் கை போகும். திரும்ப மாட்டும்போது சக்கர போல்ட்டுகளுக்கு 130 நியூட்டன் மீட்டர். தெருமுனை டயர் கடையில் காற்று கன் வைத்து முறுக்க விடாதீர்கள்.

பி0300 வந்து, சிலிண்டர் எண் எதுவும் குறிப்பாக வராமல், ஐட்லிங் மட்டும் ஏறி இறங்கினால் எங்கோ காற்று உள்ளே போகிறது. ஆயில் ஊற்றும் குழாயின் மடிப்புகளில் விரிசல் விடுவது இந்த வண்டியில் அறிந்த இடம். இன்னொரு காரணம் நாமே உண்டாக்குவது. எண்ணெய் பூசிய ஏர் ஃபில்டரை மேம்பாடு என்று போட்டால், அந்த எண்ணெய் காற்றை அளக்கும் சென்சாரின் மேல் படியும். சென்சாருக்கான கிளீனரை அடித்துக் காயவைத்து மாட்டுங்கள், ஃபில்டரைப் பழைய காகித வகைக்கே மாற்றிவிடுங்கள்.

வேகத்தடையில் முன்னால் ‘டக் டக்’

பெங்களூரில் இது வராத 987 இல்லை. சத்தத்தின் வகைதான் வழிகாட்டி. சிறு மேடு பள்ளத்தில் தகரம் தட்டினாற்போல் லேசான டக் டக் என்றால், வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராட். இரண்டு பக்கத்தையும் கழற்றிவிட்டு, தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் அதேதான். மிகக் குறைந்த செலவில் முடியும்.

வேகத்தடை ஏறி இறங்கும்போது கனமாக ஒரே ‘டொக்’ வந்தால், அல்லது பிரேக் அழுத்தியதும் வந்தால், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டோ ரப்பர் புஷ்ஷோ. சக்கரம் தரையிலிருந்து தூக்கிய நிலையில் கடப்பாரையால் ஆர்மை நெம்பிப் பார்த்தால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு ஆர்ம் இருக்கின்றன: குறுக்காக ஒன்று, சாய்வாக ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பினால் சுருள் துள்ளும் சத்தம் கேட்டால் ஸ்ட்ரட் மவுன்ட்.

ஆர்ம் மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் முன் டயரின் உள்விளிம்பு இரண்டே மாதத்தில் தேயும். வெளியே பார்த்தால் தெரியாது, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

காலடியில் ஈரம், இருக்கைக்குக் கீழே தண்ணீர்

இது பாக்ஸ்டருக்கு மட்டும். துணிக் கூரையில் விழும் தண்ணீர் பின்புற மூலைகளில் இருக்கும் வடிகால் குழாய் வழியாகக் கீழே போகும். மரத்தடியில் நிறுத்தினால் அந்தக் குழாயில் பூவும் சருகும் அடைக்கும். தண்ணீர் வண்டிக்குள் வரும். இருக்கைக்கு அடியில்தான் அலாரத்தின் மின்னணுப் பெட்டி இருக்கிறது, அது நனைந்தால் வண்டி சாவியையே அடையாளம் காணாது. ஒரு குழாய் அடைப்பு, கடைசியில் வண்டியே கிளம்பாத நிலைக்குக் கொண்டுபோகும்.

கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, மூலையில் டார்ச் அடித்தால் துளை தெரியும். ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினால் சில விநாடியில் சக்கரத்துக்கு அருகே கீழே வடிய வேண்டும். வடியாவிட்டால் புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிறு போன்ற மெல்லிய, வளையும் கயிற்றை விட்டு மெதுவாகத் துழாவுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிடும். ஜூன் வருவதற்குள் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை.

ஏற்கெனவே நனைந்திருந்தால் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள், பெட்டியை வெளியே எடுங்கள், கம்பளத்தையும் தூக்கிக் காயவையுங்கள். கம்பளத்தின் அடியிலிருக்கும் பஞ்சு காய ஒரு வாரம்கூட ஆகலாம்.

பிரேக், கிளட்ச்

ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து பெடல் பஞ்சு மாதிரி போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது டாட் 4 மாற்ற வேண்டும். பிரேக் போட்டால் ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் பேடின் படிவுதான். காலியான சாலையில் நல்ல வேகத்திலிருந்து நிற்காமல், அழுத்தமாகப் பத்து முறை வேகம் குறைத்துப் பாருங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும்.

கிளட்ச் பெடல் வரவர கனத்தால் தகடு தேய்ந்துவிட்டது என்று பொருள். உறுதி செய்ய, ஐந்தாவது கியரில் மெதுவாக ஓடும்போது முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் நேரம் வந்துவிட்டது. கியர்பாக்ஸ் கீழே இறங்கும் அந்த நாளில் ஃபிளைவீலையும் பின் ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

இன்ஜினிலிருந்து தட்டும் சத்தம்

கிளப்பியதும் சில விநாடி டிக் டிக் என்று வந்து மறைந்தால் கவலை இல்லை. சூடான பிறகும் ஒரே பக்கத்திலிருந்து தட்டல் தொடர்ந்தால், ஆயில் செலவு கூடினால், சைலன்சர் வாய் ஒரு பக்கம் மட்டும் கரியாக இருந்தால், சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கலாம். பழைய 987-இல் பெரிய இன்ஜின் உள்ள 3.4 லிட்டர் எஸ் மாடல் வைத்திருப்பவர்கள் இதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. பழைய எஸ் வாங்கப் போகிறவர்கள் இந்தச் சோதனை செய்யாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஐஎம்எஸ் பேரிங், அதாவது இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2009 முதல் வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டே இல்லை. பழைய 987-இல், தொடக்க கால வண்டிகள் சில நீங்கலாக, பெரிய பேரிங் இருக்கிறது. அது முந்தைய தலைமுறையில் இருந்ததைவிட உறுதியானது, ஆனால் இன்ஜினைப் பிரிக்காமல் மாற்ற முடியாது. நம்மால் முடிந்தது கவனிப்பு. ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் ஃபில்டர் தாளை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள், காந்தத்தையும் வையுங்கள். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பு இருந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள். நான் 8,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றுகிறேன். கம்பெனி சொன்ன இடைவெளி இதைவிட நீளம்தான். நெரிசலில் ஊரும் இந்த ஊருக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

பெட்ரோல் வாசனை

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் பெங்களூரில்தான் தொடங்கிவைத்தார்கள். நம் வண்டியின் ரப்பர் குழாய்கள் அதற்கு முந்தைய காலத்தவை. நிறுத்தியிருக்கும் வண்டியில் வாசனை வந்தால் எரிபொருள் குழாய்களின் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுப்பு இருந்தால் மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் டேங்க்கை முழுதாக நிரப்பி நிறுத்துங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே சேரும் ஈரமும் குறையும். இன்ஜின் 98 ஆக்டேனுக்காக வடிவமைத்தது, 95 போட்டால் தன்னைச் சரிசெய்துகொள்ளும். சாதாரணப் பெட்ரோலைத் தவிருங்கள்.

வண்டி மந்தமாகத் தெரிகிறது, ஏதாவது மேம்படுத்த வேண்டும்

முதலில் ஒரு உண்மை. டர்போ இல்லாத இன்ஜின் இந்த உயரத்தில் ஏறத்தாழ பத்து சதவீத சக்தியை இழக்கும். என் 245 குதிரை இங்கே 220 அளவில்தான் இழுக்கும். சென்னைப் பக்கம் போகும்போது கிருஷ்ணகிரி இறக்கத்தைத் தாண்டியதும் வண்டி உயிர் பெற்றாற்போல் இருப்பது கற்பனையல்ல. ஆகையால் ஈசியூ ரீமேப்பில், அதாவது இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவதில் பணம் போடும் முன் யோசியுங்கள். டர்போ இல்லாத இந்த இன்ஜினில் அதனால் கிடைப்பது சொற்பம்.

எக்ஸாஸ்டுக்கும் அதே யோசனை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சத்தத்துக்காக அபராதமும் கட்டி, காப்பீட்டிலும் சிக்கல் வாங்க வேண்டியதில்லை. ஸ்பிரிங்கைத் தாழ்த்தவே வேண்டாம். நம் தெருக்களின் வேகத்தடையில் அடிப்பாகம் முதல் வாரத்திலேயே உரசும்.

பிறகு எதைச் செய்வது? தேய்ந்த புஷ்கள், நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில், துல்லியமான அலைன்மென்ட். இவ்வளவும் செய்த வண்டியை எங்கள் பெரியவர் ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, “புது வண்டி வாங்கிட்டியா?” என்றே கேட்டார். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு ட்ராக் டேக்குப் போகிறவர்களும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். காலையும் மதியமும் ஆயில் அளவைப் பார்த்தால் போதும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் டயர். குறைவாக ஓடும் வண்டியில் டயர் தேய்வதில்லை, இறுகிப்போகிறது. பட்டன்கள் ஆழமாக இருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வயதைத் தாண்டியிருந்தால் தேயாவிட்டாலும் மாற்றுங்கள். 18 அங்குல வீலுக்கு முன்னால் 235/40, பின்னால் 265/40. போர்ஷேக்கென்று ஒப்புதல் பெற்ற டயரில் என் என்ற எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும், நான்கிலும் அது ஒன்றாக இருக்கும்படி வாங்குங்கள். கடைக்காரரிடம் தேதியைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். இந்த அளவு அதிகம் விற்காது, இரண்டு மூன்று வருடம் கிடங்கில் கிடந்த டயர் புதுசு என்று வர வாய்ப்புண்டு. ஸ்டெப்னி இல்லாத வண்டி என்பதால் முன் டிக்கியில் இருக்கும் பஞ்சர் திரவத்தின் காலாவதித் தேதியையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.